மஞ்சள் அட்டைப் பத்திரிகை

1950களில் பாரிஸில் வந்த ஒரு சினிமா பத்திரிகை மாதந்தோறும் ஓர் அட்டவணை போட்டது. மேலே பத்துப் பேரின் பெயர்கள். இடப்பக்கம் அந்த மாதப் படங்கள். நான்கு நட்சத்திரம் என்றால் மகத்தான படைப்பு. கறுப்புப் புள்ளி என்றால், வீட்டை விட்டுக் கிளம்பவே வேண்டாம். ஒரே படத்துக்கு ஒருவர் அள்ளிக் கொடுப்பார், பக்கத்துக் கட்டத்துக்காரர் கறுப்புப் புள்ளி வைப்பார். சண்டை அச்சிலேயே தெரியும்.

அதுதான் ‘கையே து சினிமா’. 1951 ஏப்ரலில் ஆந்த்ரே பஸானும் இரண்டு நண்பர்களும் தொடங்கினார்கள். அந்நாளில் மஞ்சள் அட்டை அதன் அடையாளம். 1956 கான் திரைப்பட விழாவில் ‘பதேர் பாஞ்சாலி’க்காகக் குரல் கொடுத்தவர்களில் பஸானும் உண்டு.

1954 ஜனவரி இதழில் 21 வயது விமர்சகர் த்ரூஃபோ, ‘தரமான படங்கள்’ என்று பெயர் வாங்கியிருந்த பிரெஞ்சுப் படங்களை நார்நாராகக் கிழித்தார். அவை கதை வசனகர்த்தாக்களின் படங்கள், இயக்குநரின் முத்திரை எங்கே என்பது அவர் கேள்வி. வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று பலரும் ஒதுக்கிய ஹிட்ச்காக்கை கையே விமர்சகர் கூட்டம் பெருங்கலைஞர் என்றது. பிறகு எழுதிய கைகளே கேமராவைத் தூக்கின: த்ரூஃபோ, கோதார், ரோமர், ரிவெத், ஷாப்ரோல். த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படத்தைப் பார்க்க பஸானுக்குக் கொடுத்துவைக்கவில்லை. படப்பிடிப்பு தொடங்கிய கையோடு, 1958 நவம்பரில், 40 வயதில் காலமானார். படம் அவருக்கே சமர்ப்பணம்.

நம்மூரில் மார்க் போட்டது ஆனந்த விகடன். ‘16 வயதினிலே’க்கு 62.5 என்பது இன்றும் பலருக்கு மனப்பாடம். ஆனால் கீழே கையெழுத்து ‘விகடன் விமர்சனக் குழு’. குழுவுக்குள் யார் கூடக் கேட்டார், யார் குறைத்தார் என்பது வாசகனுக்குத் தெரியாது. விமர்சகன் தனி ஆளாக வளராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அங்கே விமர்சகர்கள் இயக்குநர்களானார்கள்; இங்கே நெடுங்காலம் இயக்குநராக வழி, பெரும்பாலும் உதவி இயக்குநர் வேலைதான்.

1968க்குப் பிறகு கையேவில் அரசியல் முற்றி, புகைப்படங்களே இல்லாத இதழ்கள்கூட வந்தன, வாசகர்கள் ஓடிப்போனார்கள். மெல்ல மீண்டது. 2020இல் அதை வாங்கியவர்களில் படத் தயாரிப்பாளர்களும் இருந்ததால், ஆசிரியர் குழு மொத்தமாக விலகியது. கோடம்பாக்கத்தில் சொன்னால் சிரிப்பார்கள்!

முகப்பேரில் மாதம் ஒரு படம் பார்த்துப் பேசும் நம் வட்டத்திலும் மார்க் சீட்டு உண்டு. அதில் பெயர் எழுத இடமில்லை. அடுத்த மாதச் சீட்டில் பெயருக்கு ஒரு கோடு சேர்க்கச் சொல்லி அச்சகத்தில் கொடுத்தாயிற்று.