குறைமாதப் பிறப்பின் நீண்டகால உடல்நல விளைவுகள்

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறையுமுன் பிறந்தவர்களிடம் பின்னாளில் காணப்படும் உடல்நலச் சிக்கல்கள். 2020இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. 28 வாரத்துக்கு முன் பிறந்தோருக்கே ஆபத்து மிக அதிகம். 34 வாரம் கடந்தவர்களில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கின்றனர்.

மூளைமுடக்குவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், கேள்விக்குறை, கவனக்குறை, விழித்திரை நோய் ஆகியவை சிறுவயதிலேயே தெரியவரும். இவற்றில் விழித்திரை நோயின் வரலாறு கசப்பானது: 1940களில் உயிர்காக்கத் தாராளமாகக் கொடுத்த ஒட்சிசனே பல குழந்தைகளின் பார்வையைப் பறித்தது என்பது 1950களில்தான் உறுதியானது. சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு, பேசவேண்டியது அதைத்தான். அதன் நுண்வடிகட்டிகள் ஏறத்தாழ 36ஆம் வாரம்வரை உருவாகின்றன. முந்திப் பிறந்தால் அவற்றின் எண்ணிக்கை குறைந்துவிடலாம். வளர்ந்தபின் உயர் இரத்த அழுத்தம் கூடுதலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நீரிழிவு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல்.

இலங்கையில் குடும்பநல மருத்துவமாது வீடுதேடிச் சென்று குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்கிறார். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுவரை, பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணிய வயதே வளர்ச்சிக்கு அளவுகோல். தடுப்பூசிக்குப் பொதுவாகப் பிறந்த நாள்தான் கணக்கு. விழித்திரைச் சோதனையோ பிறந்த சில வாரங்களிலேயே நடக்கவேண்டும், தள்ளிப்போட முடியாது. எனவே வைத்தியசாலைக்கு எளிதில் போய்ச்சேர முடிவதும் முக்கியம். திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவிலிருந்து நகர வைத்தியசாலைக்கு வருவோர் முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகத் துறையில் காத்திருந்தனர். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் அந்தக் காத்திருப்பை நீக்கியது.