பிழை பொறுக்கும் இறக்கைகள்

9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கற்பிப்பதற்குரிய பொருள் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை அன்றைய ஆட்சி உணர்ந்திருந்தது. இன்றைய அரசு நடத்தும் கல்விகளுள் பெருஞ்செலவு பிடிப்பது போர்விமானிக்கான கல்வி. அந்த மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் உருவாவது பாகூருக்கு வடக்கே, தாம்பரத்தில். 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பட்ட விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-இல் அங்கு இடம்பெயர்ந்தது. அவர்கள் கையாண்ட பயிற்சி விமானங்களின் வரலாறு, பாகூர்க் கொடையைப் போல் தடையின்றி நடந்ததா என்பதே நம் கேள்வி.

முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் பல விமானிகள் போர்முனையை எட்டுமுன்பே, பயிற்சியிலேயே மாண்டனர். ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கும்படியே மாணவருக்கு அதுவரை சொல்லப்பட்டு வந்தது. 1917-இல் காஸ்போர்ட் என்னும் ஊரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இதைத் தலைகீழாக மாற்றினார். விமானம் சுழன்றபடியே கீழே விழும் 'ஸ்பின்' நிலைக்கு மாணவரே விமானத்தைக் கொண்டுசென்று, அதிலிருந்து மீட்டுவரக் கற்பித்தார். ஆசிரியரின் குரல் மாணவரின் காதுக்கு எட்டுவதற்கு ஒரு பேச்சுக்குழாயையும் பொருத்தினார். இரட்டைக் கட்டுப்பாடும் பிழை செய்து பார்க்கும் உரிமையும் அன்றுமுதல் பயிற்சி விமானத்தின் இலக்கணம் ஆயின.

1931-இல் முதன்முதலாகப் பறந்த டைகர் மாத் இரட்டை இறக்கை விமானம் அவ்விலக்கணத்துக்கு இசைந்தது. இந்திய விமானிகளில் ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. விடுதலைக்குப்பின் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி.-2, 1951 ஆகஸ்டில் பறந்தது. சுதந்திர இந்தியா தானே வடிவமைத்த முதல் விமானம் போர்விமானமன்று, பயிற்சி விமானம் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1964-இல் ஜெட் எஞ்சின் பூட்டிய கிரண் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அதில் அருகருகே அமர்வர். ஒருவர் கையசைவை மற்றவர் காண இயலும்.

இதுவரை வளர்ச்சிக் கதை. இனி வருவது தாமதத்தின் கதை.

மிதவேகக் கிரணுக்கும், மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும் மிக்-21க்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. அதை நிரப்ப உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டுமென 1982-இல் லா ஃபோன்டேன் குழு பரிந்துரைத்தது. பிரிட்டனின் ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-இல். அது பிதார் தளத்தில் படையில் சேர்ந்தது 2008-இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இளம் விமானிகள் அந்தப் பள்ளத்தை மிக்-21 கொண்டே தாண்ட வேண்டியிருந்தது. தாண்டாமல் விழுந்தவர்களும் உண்டு. 'பறக்கும் சவப்பெட்டி' என்று நாளிதழ்கள் விமானத்தைப் பழித்தன. பயிற்சியில் இருந்த இடைவெளி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தொடக்கநிலையிலும் துயரம் காத்திருந்தது. எச்.டி.-2க்கு மாற்றாக 1980களில் வந்த எச்.பி.டி.-32 தீபக்கின் எஞ்சின் பறக்கும்போதே நின்றுவிடுவது தீராத நோயாயிற்று. விமானியை வெளியே வீசி உயிர்காக்கும் இருக்கையும் அதில் இல்லை. 17 விபத்துகளில் 19 பேர் மாண்ட பின்னர், 2009 ஜூலையில் அது தரையில் நிறுத்தப்பட்டது. முதல்நாள் மாணவரும் கிரணிலேயே ஏற நேர்ந்தது. 2012-இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தமான பிறகே அந்நிலை மாறியது.

கிரணுக்கு மாற்றாக 2003-இல் பறந்த சிதாராவின் கதை இன்னும் வியப்புக்குரியது. அதன் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தியது, ஸ்பின் நிலையிலிருந்து நம்பகமாக மீளாத குறையே. அதாவது, 1917-இல் காஸ்போர்ட்டில் மாணவருக்குச் சொன்ன முதற்பாடம்! மறுவடிவமைப்புக்குப் பிறகு, ஆறு சுற்றுச் சுழன்று மீளும் திறனை அவ்விமானம் மெய்ப்பித்த செய்தி 2022-இல்தான் வெளியானது. உள்நாட்டுத் தொடக்கநிலை விமானமான எச்.டி.டி.-40, 2016-இல் பறந்தது; 70 விமானங்களுக்கு 2023-இல் ஒப்பந்தமானது.

மிக், மிராஜ், சுகோய், ரஃபேல் என்று போர்விமானங்களின் பெயர்கள் பள்ளிச் சிறுவருக்கும் தெரியும். தீபக்கின் பெயர் அதில் மாண்டோரின் வீட்டாருக்கு மட்டுமே நினைவிருக்கக்கூடும். ஆயுதம் வாங்கும் வேகத்தில் நாம் கற்பிக்கும் கருவியை வாங்கியதில்லை. மாணவர் பிழை செய்தே தீருவார். அதைப் பொறுத்துக்கொள்ளும் விமானத்தைக் கால் நூற்றாண்டு தள்ளிப்போட்ட பிழை மாணவருடையதன்று.