அரசூரும் புலிக்குளமும்: கால்நடை மருத்துவ இதழ்களில் எழுதுதல் குறித்து

மதுரையைச் சுற்றிய சமவெளியில் நெல் அறுவடை முடிந்ததும் கிடைகள் வந்து இறங்குவதை நாம் அறிவோம். உரத்துக்காக மாடுகளையும் ஆடுகளையும் இரவில் வயலில் மறித்துவைக்கும் வழக்கம் அது. கிடைக்காரர்களிடம் நோய்களுக்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை: வெக்கை, கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய். இவற்றை அரசுக் கால்நடைத் துறையும் அப்படியே எடுத்தாள்கிறது. மாட்டு வாகடம் என்ற பெயரில் ஓலைச்சுவடிகளும், பின்னர் மலிவுப் பதிப்புகளும் நம்மிடையே வழங்கின. ஆயினும் சென்ற ஒன்றரை நூற்றாண்டில் இவ்வறிவு செல்லுபடியாகும் இடம் வாகடமன்று. ஆங்கிலத்தில் வெளிவரும் தொழில்முறை ஆய்விதழே. அதில் எழுதப்படாத நோய் அரசின் கணக்கில் நோயாவதில்லை. எழுதப்படாத இனம் இனமாவதில்லை. இதை இரண்டு ஊர்களின் வழியே பார்க்கலாம்.

இவ்வகை எழுத்தின் தொடக்கம் உழவனின் தொழுவத்தில் நிகழவில்லை. 1882இல் ஜே. எச். ஸ்டீல், ஃபிரெடரிக் ஸ்மித் என்னும் இரு படைக் கால்நடை மருத்துவர்கள் இந்தியாவில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினர். படை விலங்குகளின் பராமரிப்பு என்பது அதன் தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. குதிரையும் கோவேறு கழுதையுமே அன்று முதற்கவலை. சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, இந்நாட்டு மருத்துவர்கள் பயின்று வெளியேறத் தொடங்கிய பிறகே நிலைமை மாறிற்று. 1924இல் பி. சீனிவாச ராவ் சென்னையில் நிறுவிய 'இந்தியன் வெட்டரினரி ஜர்னல்' இந்திய மருத்துவர்கள் தம் பட்டறிவை ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் களமாயிற்று. 1972இல் வேப்பேரிக் கல்லூரியிலிருந்து 'கைரான்' வெளிவந்தது. மருத்துவக் கடவுளுக்கே ஆசானாக இருந்ததாகக் கிரேக்கத் தொன்மம் கூறும் பாதி மனிதன், பாதி குதிரையின் பெயர் அது.

இவ்விதழ்களில் வரும் நோய்க்குறிப்புக்கு ஓர் இறுகிய வடிவம் உண்டு. விலங்கின் இனம், வயது, பால், உடல் வெப்பம், அறிகுறிகள், பிணப் பரிசோதனை, ஆய்வக முடிவு, சிகிச்சை, பிழைத்தவை எத்தனை, மாண்டவை எத்தனை. வாயும் மூக்கும் ஒழுக ஓர் ஆடு சாகும்போது கிடைக்காரர் சொல்வது வேறு: எந்த வயலில் மறித்தது, எந்த மழைக்குப் பின் தொடங்கியது, யாரிடம் கடன்பட்டு வாங்கிய குட்டி அது. இவையெல்லாம் கட்டுரையில் உதிர்ந்துபோகும். உதிர்ந்தவற்றைக் காக்க இலக்கியம் இருக்கிறது, சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலை வாசித்தோர் இதை உணர்வர். ஆனால் உதிர்த்தபின் எஞ்சுவது கடல் கடந்தும் ஒப்பிடத்தக்கதாகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அரசூர் அதற்குச் சான்று. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் ஆடுகளைக் கொன்ற ஒரு கொள்ளைநோயை 1942இல் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்தனர். இந்தியாவில் அதே அறிகுறிகளோடு ஆடுகள் மாண்டபோது, அது மாட்டு வெக்கை ஆடுகளையும் தாக்குவதாகவே கொள்ளப்பட்டது. 1987இல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் மாண்ட செம்மறிகளிலிருந்து எடுத்த தீநுண்மி வேறொன்று எனத் தெளிவாயிற்று. 1989இல் 'வெட்டரினரி ரெக்கார்ட்' இதழில் வெளியான கட்டுரைக்குப் பின்னரே ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் உண்டு என்பது உலகறிந்த செய்தியாயிற்று. இது வெறும் பெயர்மாற்றமன்று. மாட்டு வெக்கையை ஒழிக்க முனைந்த நாட்டுக்கு எது வெக்கை, எது வெக்கையன்று என்ற தெளிவு இன்றியமையாதது. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995இல், தமிழ்நாட்டில்தான். 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லிக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசியின் தீநுண்மிக்கு 'அரசூர் 87' என்று பெயர். ஒரு சிற்றூரின் பெயர் இப்படி மருத்துவ நூல்களில் ஏறியது.

இரண்டாவது ஊர் மதுரைக்கு அண்மையிலேயே உள்ளது. சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடு கிடை மாடாகவும் ஏறுதழுவும் காளையாகவும் நாம் கண்டு பழகியதுதான். லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய ஆங்கில நூல் அதை விளையாட்டின் பெயராலேயே, ஜல்லிக்கட்டு மாடு என்று குறித்தது. பின்வந்த ஆய்வாளர்கள் கிடைதோறும் சென்று உயரம், மார்புச் சுற்றளவு, கொம்பின் அமைப்பு, கன்று ஈனும் இடைவெளி ஆகியவற்றை அளந்து எழுதினர். அவ்வளவைகளின் பின்னரே தேசியப் பதிவேட்டில் புலிக்குளம் தனி இனமாக ஏறிற்று. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்ததும், 2017இல் எழுந்த போராட்டமும், 2023இல் அதே நீதிமன்றம் தமிழகத்தின் சட்டத்தை ஏற்றதும் நாம் அறிந்தவை. நாட்டினக் காளைகளின் பாதுகாப்பு அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. இனம் என்று ஒன்று உண்டெனக் காட்ட, அளந்து எழுதிய பக்கங்கள் வேண்டியிருந்தன.

இவ்வளவும் ஒருவழிப் பயணமாகவே இருப்பதுதான் நம் மனக்குறை. ஆடு கிடையினுடையது, அறிகுறியை முதலில் கண்டு சொன்னவர் கீதாரி, கட்டுரையோ அவர் படிக்கவியலாத மொழியில், அவர் கைக்கெட்டாத இதழில் கிடக்கிறது. ஆய்விதழ் ஆங்கிலத்தில் இருப்பதை நாம் குறைகூறவில்லை. அரசூர்ச் செம்மறியை ஐவரி கோஸ்ட் ஆட்டோடு ஒப்பிட ஒரு பொதுமொழி வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டுரையோடும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வருவதில் தடையென்ன? நோயின் பெயரை வாகடமும் கிடையும் வழங்கும் சொல்லாலேயே எழுதினால் போதும். கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றுவோரின் குறிப்பேடுகளில் அச்சேறாத அரசூர்கள் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் எழுத வேண்டும். எழுதியது வயலுக்கும் திரும்ப வேண்டும்.