ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு: கிளம்பும் முன் தண்ணி எவ்வளவுன்னு கேளுங்க!

தருமபுரி மாவட்டத்தின் பெரிய விழான்னா ஒகேனக்கல் ஆடிப்பெருக்குதான். ஆடி 18-ஐயொட்டி மாவட்ட நிர்வாகம் இங்கு விழா நடத்துகிறது. கலை நிகழ்ச்சிகள், அரசு துறைகளின் கண்காட்சி உண்டு. புதுமண தம்பதிகள் காவிரியில் நீராடி தாலிக்கயிறு மாற்றிக் கொள்வார்கள். எண்ணெய் மசாஜ், அருவிக்குளியல், சுடச்சுட மீன் வறுவல்னு நாள் போவதே தெரியாது.

தருமபுரியில் இருந்து பென்னாகரம் வழியாக சுமார் 46 கி.மீ. பஸ் வசதி உண்டு.

ஆனால் எல்லாமே நீர்வரத்தைப் பொறுத்துதான். கர்நாடகாவின் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் திறக்கும் தண்ணீர் பிலிகுண்டுலு வழியாக இங்கு வருகிறது. அங்கு மத்திய நீர்வள ஆணையம் அளவெடுக்கிறது. வெள்ளம் கூடினால் குளிக்கவும், பரிசல் ஓட்டவும் தடை. 2024-ல் ஆடிப்பெருக்கு சமயத்தில் வினாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்ததால் பலரும் ஆற்றைத் தொடாமலே திரும்பினார்கள். பரிசல்காரர்களுக்கும் பிழைப்பு போச்சு.

தடையை மீறி தண்ணியில இறங்காதீங்க. பரிசலில் ஏறினால் லைப் ஜாக்கெட் கட்டாயம். நடுவில் எழுந்து நின்று செல்பி வேண்டாம். 2015 ஆகஸ்டில் இங்கு பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பலியானார்கள். குளிக்க முடியலைன்னாலும் பரவாயில்லை, கரையில் நின்று பொங்கி வரும் காவிரியைப் பார்ப்பதும் ஒரு திருவிழாதான்!