செலுவாம்பா மாளிகையும் சிசுவின் பாலும்

நாலாவது கிருஷ்ணராஜ உடையார் தம் சகோதரிக்காக மைசூரில் எழுப்பிய செலுவாம்பா மாளிகை, குடியரசு பிறந்த 1950-ஆம் ஆண்டு அக்டோபரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமாயிற்று. தாயை இழந்தோ, தாய்க்குப் பால் சுரக்காமலோ வாடும் சிசுக்களுக்கு, சீமையிலிருந்து கப்பலில் வரும் பால்மாவை நம்பாமல், நம் எருமைப்பாலிலிருந்தே உணவு சமைக்க இயலுமா என்பது, வி. சுப்பிரமணியன் முதல் டைரக்டராக விளங்கிய அந்த நிலையம் எடுத்துக்கொண்ட முக்கியமான கேள்விகளில் ஒன்று.

எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி. புரதமோ தாய்ப்பாலில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சிசுவின் வயிற்றில் அது திரியும்போது இறுகிய கட்டியாகி ஜீரணத்துக்கு அடங்குவதில்லை. கொழுப்பைக் குறைத்து, கட்டி மிருதுவாகத் திரியும்படி பக்குவம் செய்து, ஜீவசத்துக்களும் சேர்த்துப் பொடியாக்கும் முறையை மைசூர் விஞ்ஞானிகள் வகுத்தார்கள். 1960 வாக்கில் ஆனந்தில் அமுல் தொழிற்சாலை அந்தப் பொடியைப் பெருமளவில் உற்பத்தி செய்யலாயிற்று.

கொழுப்பும் புரதமும் எடைபோட்டுப் பார்க்கப்பட்ட அந்தக் கணக்கில் அணுஜீவிகளுக்கு இடமில்லை. பாலில் காணும் கிருமி கொல்லத்தக்க பகை என்பதே அக்காலத்துச் சாஸ்திரம். தாய்ப்பால் உண்ணும் சிசுக்களின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா என்ற அணுஜீவியை ஹென்றி டிஸ்ஸியே என்ற விஞ்ஞானி பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தும், அதனை வளர்க்கும் சர்க்கரைப் பொருள் தாய்ப்பாலில் உண்டென்று 1950-களில் பால் ஜியார்ஜி என்ற விஞ்ஞானி காட்டியிருந்தும், தாய்ப்பால் கிருமியற்றது என்ற எண்ணம் அசையவில்லை. 2003-இல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர் ஆரோக்கியமான தாய்மாரின் பாலிலிருந்தே லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது தளர்ந்தது. நாளொன்றுக்கு 800 மில்லிலிட்டர் பால் குடிக்கும் குழந்தைக்கு, லட்சம் முதல் கோடி வரை பாக்டீரியாக்கள் உடன் போய்ச் சேர்கின்றன. குழந்தையால் ஜீரணிக்க முடியாத சர்க்கரைகளைப் பிஃபிடோபாக்டீரியாக்கள் உண்டு, அமிலம் சுரந்து, நோய்க்கிருமிகளைக் குடலில் குடியேறவிடாமல் தடுக்கின்றன.

ஆனாலும் மைசூர் விஞ்ஞானிகளின் உழைப்பு வீணென்று சொல்வது தர்மமாகாது. பால் கிட்டாத சிசுவுக்கு அது உயிர்த்துணை. பால் உள்ள தாயிடமும் டப்பாவை விற்க முனைந்த வியாபாரத்துக்குத்தான் 1992-இல் சட்டம் விளம்பரத் தடை விதித்தது.

மைசூரில் செலுவாம்பா என்ற பெயரை ஒரு பிரசவ ஆஸ்பத்திரியும் தாங்கி நிற்கிறது. அங்கே பிறந்தாலும் வேறெங்கு பிறந்தாலும், சில வீடுகளில் இன்றும் ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டிவிடும் சீம்பாலை, குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் புகட்டிவிடுங்கள்.