கல்கத்தா நூலகத்தில் தமிழ்ச் செல்வம்

நம் சங்கத்தின் முதல் ஆண்டு மலரைத் தேடி இவ்வாண்டு பல வீடுகளின் பரண்களை ஆராய்ந்தோம். ஒரு படியேனும் கிட்டவில்லை. கரையான் அரித்தவை பாதி. மலைநாட்டு மழையில் ஊறியவை மீதி. தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் இருந்து நம்மவர் எழுதியவை அதனோடு மறைந்தன. அவ்வருத்தத்திலேதான் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்கலானோம்.

1836-இல் தனியார் பலரின் பொருளுதவியால் கல்கத்தா பொது நூலகம் தோன்றியது. வில்லியம் கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்த 4,675 நூல்கள் அதற்கு முதலாயின. 1903-இல் கர்ஸன் பிரபு அதனை அரசாங்க நூலகத்தோடு இணைத்து, இம்பீரியல் நூலகம் எனத் திறந்து வைத்தார். விடுதலைக்குப் பின் 1948-இல் தேசிய நூலகம் என்னும் பெயர் வந்தது. 1953 பிப்ரவரி 1-ஆம் நாள் பெல்விடியர் மாளிகையில் மௌலானா ஆசாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்தார். வங்காளத்து லெப்டினென்ட் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகையில் ஏழை மாணாக்கரும் அமர்ந்து படித்தனர்.

நிற்க. அங்கே நமக்கு உறவான பகுதி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் 1926 முதல் உழைத்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். நூல்களின் காலம்பற்றி அவர் கண்ட முடிவுகளை ஏற்காதார் பலர், நம்மிலும் உளர். ஆயினும், ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய அவ்வுழைப்பை மறுப்பார் இல்லை. 1956-இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்த தமிழ் நூல்களும் சுவடிகளும் இன்று கல்கத்தாவில் அவர் பெயராலேயே தனித் தொகுதியாக உள்ளன. தமிழகத்திலேயே இருந்திருக்கலாகாதா என எண்ணத் தோன்றும். பிறந்த ஊர்விட்டுப் பிழைக்க வந்த நாம் அதைக் குறைகூறத் தகுமோ?

பெரும்புலவர் ஏடுகட்கு மட்டுமன்று, நம்போல்வார் எழுத்துக்கும் அங்கே இடமுண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் எம்மொழியில் நூல் வெளியிடுவோரும் 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே ஒரு படியைக் கல்கத்தாவுக்கு அனுப்புதல் வேண்டும். சென்னைக் கன்னிமரா, பம்பாய், டில்லி நூலகங்கட்கும் ஒவ்வொரு படி உரியது. தவறினால் 50 ரூபாய் வரை தண்டமும் நூலின் விலையும் கட்ட நேரும். சிறு வெளியீடுகளும் இதில் அடங்கும். நாம் இத்தனை ஆண்டுகள் இதனை அறியாதிருந்தோம்!

அச்சகத்திலிருந்து வந்ததும், இம்மலரின் நான்கு படிகளை முதலிலேயே எடுத்துக் கட்டி முகவரி எழுதி வைத்துள்ளோம்.