அணையும் அணைக்கட்டும்

‘டேம்’ என்ற ஆங்கிலச் சொல் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ‘அனிகட்’ இங்கிலாந்தில் படித்தவனுக்கே தெரிந்திருக்காது. அது நம்முடைய அணைக்கட்டுதான். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி அதைச் சென்னை ராஜதானியின் பாசனச் சொல்லாகப் பதிவுசெய்திருக்கிறது.

ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய மேலணையும் கீழணையும் சர்க்கார் தாள்களில் அப்பர் அனிகட், லோயர் அனிகட். கல்லணை, கிராண்ட் அனிகட். ‘வியர்’ என்று சொந்தச் சொல் வைத்திருந்தவர்கள் எதற்காக இதை எடுத்துக்கொண்டார்கள்? பொருளை இங்கே பார்த்தார்கள், பெயரையும் இங்கேயே எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டேம் ஆற்றை நிறுத்தித் தேக்குவது. அனிகட் தேக்குவதில்லை. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைமேல் வழியவிடும். அதன் தலைமதகுகளைத் திறக்கலாம், மூடலாம். ஆற்றைத் திறக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் இரண்டும் உண்டு. திண்டிவனத்துக்குத் தெற்கே, வராக நதியும் தொண்டியாறும் சேருமிடத்தில், 1950களின் கடைசியில் கட்டிய வீடூர் அணை. கொள்ளும் உயரம் 32 அடி. விழுப்புரத்தருகே தென்பெண்ணையில், ஏனாதிமங்கலத்தில், அதற்குப் பத்து வருஷம் முந்திய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. முன்னது தானே ஓர் ஏரி. பின்னது பிற ஏரிகளை நிரப்புவது. பத்திரிகைக்காரர்களுக்கு இரண்டும் அணை. (இப்போது ‘தடுப்பணை’ வேறு வந்து மிச்சமிருந்த வேற்றுமையையும் குழப்பிவிட்டது.)

2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் அணைக்கட்டு உடைந்தது. ‘அணை உடைந்தது’ என்று படித்த சென்னை நண்பர் ஒருவர், எத்தனை ஊர் மூழ்கியது என்று விசாரித்தார். ஊர் மூழ்குவதல்ல அங்கே பிரச்சினை. ஆறு தாழ்ந்துபோகும், வாய்க்காலில் தண்ணீர் ஏறாது, ஏரி காயும். இந்த நஷ்டத்தை ‘அணை’ என்ற சொல் அவருக்குச் சொல்லவில்லை.

2024இல் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வந்தது. தென்பெண்ணைக் கரை ஊர்களில், திறந்துவிட்டார்கள் என்றார்கள். யார், எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லிவிட்டு என்று கேட்டார்கள். அணைக்கட்டின் மேல் வழிந்த தண்ணீரைப் பற்றி அப்படி யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.